மெமரி கார்டில் ஏறிய பாட்டு

கெடிரி,
கிழக்கு ஜாவா,
14 பிப்ரவரி 2010

அக்கா வினார்சிக்குத் தம்பி மஹ்ருஸின் ஸலாம்.

அல்லாஹ் அருளால் நன்றாக இருக்கிறேன், தோலைப் பற்றி மட்டும் கேட்காதே. விடுதி முழுக்கச் சொறி. "சொறி வராதவன் இன்னும் ஓதவே ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்" என்கிறார் உஸ்தாது. அந்தக் கணக்கில் நான் பெரிய ஆலிம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? கல்யாண மேடைகளில் ஐஸ் போட்ட தேநீரைக் குடிக்காதே என்று எத்தனை முறை எழுதுவது?

போன வாரம் பல்வலி என்று டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டரின் போனில் உன் குரல்! 'கெத்தாபாங் காற்று'. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "அண்ணே, இது எங்க கெடைச்சுது?" என்று கேட்டேன். "எந்தப் போன் கடைல வேணா கேளு தம்பி. மெமரி கார்டக் குடுத்தா ஏத்தித் தருவான்" என்றார். பாடியது என் அக்கா என்று சொன்னேன். நம்பவில்லை, டிக்கெட் காசையும் விடவில்லை.

பிறகுதான் உறைத்தது. ஹாஜி பஸோரி அந்தப் பாட்டைப் பதிவு செய்து உன்னிடமிருந்து மொத்தமாக வாங்கிக்கொண்டார், விசிடி நோன்புப் பெருநாளுக்குத்தான் வரும் என்று நீதானே சொன்னாய்? வராத பாட்டு கடையில் எப்படி வந்தது? எவனோ திருடியிருக்கிறான்.

நான் சும்மா விடப்போவதில்லை. எங்கள் மதரஸாவில் மஸ்அலா மன்றம் கூடுகிறது. வெளியில் நடக்கிற ஒரு சிக்கலைக் கொண்டுவந்து ஆகுமா ஆகாதா என்று கிதாபுகளைப் புரட்டித் தீர்ப்புச் சொல்வோம். யார் பெயரையும் சொல்லக்கூடாது. எல்லா வழக்கிலும் செய்தவன் ஸைத், பாதிக்கப்பட்டவன் அம்ர். இந்த முறை கேள்வி கொண்டுபோவது நான். நீதான் அம்ர்!

உன் துஆவை எதிர்பார்க்கும்
மஹ்ருஸ்

*

பன்யுவாங்கி,
3 மார்ச் 2010

சொறி பிடித்த ஆலிமுக்கு அக்காவின் துஆ என்றும் உண்டு.

கந்தகச் சோப்பும் நெத்திலிச் சம்பலும் அனுப்பியிருக்கிறேன். சோப்பை அறையில் எல்லோருக்கும் கொடு, ஒருத்தன் மட்டும் குளித்தால் சொறி போகாது. சம்பலை யாருக்கும் காட்டாதே.

என் தொண்டைக்கு ஓய்வே இல்லை. ஜெம்பரில் கூப்பிடுகிறார்கள், சித்துபொண்டோவில் கூப்பிடுகிறார்கள், கடல் தாண்டி பாலியிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனது. ஜெம்பரில் நான் மேடை ஏறுவதற்கு முன்பே பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்கள் என் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பாடுகிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஓரமாக நின்று கொஞ்சம் அழுதேன், மை கலைந்துவிட்டது. கீபோர்டு வாசிக்கிற தோபிக், "பேய் மாதிரி இருக்கீங்கக்கா, மேடைக்கு வராதீங்க, பொண்ணு பயந்துரும்" என்றான்.

உன் கேள்வி விஷயம். வேறு கேள்வியே கிடைக்கவில்லையா? நம் தெருவில் கோழி எருவில் விளைந்த மிளகாய் ஆகுமா ஆகாதா என்று இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. அதைக் கொண்டுபோ. பாட்டு, கூத்து என்று பேசினால் பாடகி தம்பி என்று உன்னைத்தான் கிண்டல் செய்வார்கள். யார் எடுத்தார், யார் கொடுத்தார் என்று தோண்டி என்ன ஆகப்போகிறது?

மாதப் பணம் அனுப்பிவிட்டேன். பல்லைப் பிடுங்கிவிடு.

அக்கா

*

கெடிரி,
11 ஏப்ரல் 2010

அன்பு அக்காவுக்கு ஸலாம்.

பல் போயிற்று, சொறியும் பாதி போயிற்று, சம்பல் முழுதும் போயிற்று. மதுரா தீவுக்காரன் லுக்மான் மோப்பம் பிடித்துவிட்டான்.

மிளகாய்க் கேள்வியை நான் கொண்டுபோகவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மன்றத்தில் என்ன அமளி தெரியுமா! லுக்மான்தான் எதிர்க்கட்சி. "பக்கத்து வீட்டுப் பூ வாசன என் மூக்குல ஏறுது. நான் திருடனா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, "மூக்குல ஏறினா பூ கொறையாது. பாட்டு கார்டுல ஏறினா பாடுனவ வயித்துல கொறையும்!" என்றேன். கைதட்டல் நிற்கவே இல்லை.

அவன் விடுவானா? "சரிங்க ஆலிம்சா. உங்க மடில இருக்கே கிதாபு, அது அச்சடிச்சதா ஜெராக்ஸா?" என்றான். எல்லோரும் மடியைக் குனிந்து பார்த்தோம். அக்கா, எங்கள் எல்லோருடைய மடியிலும் ஜெராக்ஸ்தான். எங்கள் மதரஸாத் தலைவர் கியாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது இன்னொரு நாளைக்கு" என்றார்.

கடைசியில் தீர்ப்பு என் பக்கம். உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஏற்றுகிறவனும், ஏற்றிக்கொள்கிறவனும், முதலில் எடுத்துக் கொடுத்தவனும் பாவத்தில் பங்காளிகள். அதனால் வரும் வருமானம் சுத்தமானதல்ல. கீழே 'கேள்வி கொண்டுவந்தவர்: மஹ்ருஸ், பன்யுவாங்கி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இங்கே ஓதிப் போனவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தாள் போகும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாசிப்பார்கள். நம் ஊருக்கு மறக்காமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

யார் அந்த ஸைத் என்று கண்டுபிடித்தாயா? பதிவு நடந்த அறையில் இருந்தவர்கள் எத்தனை பேர்? தோபிக் எப்படி?

உனக்காக வாதாடிய
மஹ்ருஸ்

*

பன்யுவாங்கி,
6 ஜூன் 2010

தம்பிக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உட்கார நேரமில்லை என்று எழுதினால் நீ நம்புவாய், அதனால் அப்படியே வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் தாளை நம் பள்ளிவாசலில் வாசித்தார்கள். மார்க்கெட் முனையில் போன் கடை வைத்திருக்கிற கோலிக் அன்று சாயங்காலமே 'பாட்டு ஏற்றித் தரப்படும்' பலகையைக் கழற்றிவிட்டான். கடை மூடவில்லை, பலகை மட்டும் இல்லை. சொன்னால் இப்போதும் ஏற்றித் தருகிறான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

பிறகு ஹாஜியார் வீட்டுக்கே வந்தார், கையில் உன் தாள். வாழைப்பழம் பொரித்து வைத்தேன், தொடவில்லை. "உன் தம்பி சரியாத்தாம்மா சொல்லிருக்கான். எடுத்துக் குடுத்தவன்தான் மொதக் கள்ளன். உள்ள இருந்தது நாலு பேரு. நான் இல்ல, நீ எதுக்குப் பண்ணப்போற, மைக் போட்ட கெழவனுக்குப் போனே பேசத் தெரியாது. மிச்சம் யாரு?" என்றார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து தோபிக்கை அவருடைய பதிவுகளுக்குக் கூப்பிடுவதில்லை. தவணையில் கீபோர்டு எடுத்திருக்கிறான், இரண்டு பிள்ளைகள். என்னோடு கல்யாணங்களுக்கு வருவதுதான் இப்போது அவனுக்கு மிச்சம்.

ஒரு சந்தேகம். கெந்தெங்கில் எனக்கு ஒரு சிநேகிதி, அவளும் பாடகி. அவள் பாட்டும் இப்படிக் கார்டுகளில் பரவி, அதைக் கேட்டுத்தான் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மேடையில் அவள் தொண்டை கிழியப் பாடி வாங்குகிற கூலி சுத்தமா இல்லையா? கிதாபைப் பார்த்து எழுது.

அக்கா

*

கெடிரி,
15 ஜூன் 2010

அக்காவுக்கு ஸலாம். நலமே. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

தோபிக் விஷயம் கேட்டு வருத்தம்தான். ஆனால் செய்திருந்தால் பட்டுத்தானே ஆகவேண்டும்?

உன் சிநேகிதிக்குப் பதில்: அவளுக்குத் தெரியாமல் பரவியிருந்தால் கூலி சுத்தம். பாடினாள், வாங்கினாள். அவளே பரப்பியிருந்தால் பாட்டு யாருடையது என்று பார்க்கவேண்டும். அவளுடையதே என்றால் பரப்பலாம், தானம் செய்ததுபோல. விற்றுவிட்ட பாட்டு என்றால் விற்ற ஆட்டை ஓட்டிக்கொண்டுபோய் ஊருக்கு விருந்து வைத்த கதை. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்: கொடுத்தபோது அது அவளுடையதாக இருந்ததா?

மஹ்ருஸ்

*

பன்யுவாங்கி,
9 ஜூலை 2010

தம்பி மஹ்ருஸ், நீ நலமாக இருக்கவேண்டும்.

கேட்டுப் பார்த்தேன். என்னிடமேதான் கேட்டேன். கெந்தெங்கில் எனக்குச் சிநேகிதி யாரும் இல்லை. கோலிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

டிசம்பரில் ஹாஜியார் கூப்பிட்டு அனுப்பினார். "கொரல் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா விசிடின்னா மொகம் வேணுமே. சுரபாயாலேருந்து ஒரு பொண்ணு வருது, சின்ன வயசு. அதையே பாடவும் வெச்சுருவோம். நீ மெட்டச் சொல்லிக் குடு, போதும்" என்றார். முப்பத்து நாலு வயது முகம் அவருக்கு ஆகவில்லை. மெட்டு அவர் கொடுத்தது, வார்த்தை பாதி என்னுடையது, மூச்சு முழுக்க என்னுடையது. ஆனால் காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் காசில்தான் கூரை மாற்றினோம். போய் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பெண், என்னை அம்மா என்று கூப்பிட்டது. அதுவேறு எரிந்தது.

பழகிப் பார்ப்பதற்கென்று என் குரலில் பதிவான பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. பெருநாளுக்கு விசிடி வந்துவிட்டால் அதை நான் பாடினேன் என்று யாருக்குத் தெரியும்? கோலிக்கிடம் கொடுத்து, "எந்தக் கார்டு வந்தாலும் இத ஏத்தி விடு, காசு கேக்காத" என்றேன். அவன் ஹாஜியார் சொல்லித்தான் கொடுக்கிறேன் என்று நினைத்தான். நான் திருத்தவில்லை. தாள் வாசித்த பிறகும், தனக்கு வம்பு வேண்டாம் என்று அவன் யார் பெயரையும் வெளியில் சொல்லவில்லை.

நான் திருடினேனா? யாரிடமிருந்து? என் தொண்டையில் இருப்பதை நானே எடுத்தால் அதற்கு என்ன பெயர்? எத்தனை யோசித்தாலும் ஒரு நாள் ஆம் என்று வருகிறது, மறுநாள் இல்லை என்று வருகிறது. தோபிக் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் ஆம் என்றே வருகிறது.

பாட்டு பரவிய பிறகு வந்த கல்யாணங்களில்தான் உன் மதரஸாப் பணம் வருகிறது. இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் ஹாஜியார் என்னை எந்த மேடையிலும் ஏறவிடமாட்டார், பாதி ஊர் அவருக்குச் சொந்தம். யாரிடமும் வாயைத் திறக்காதே.

அக்கா

*

கெடிரி,
8 ஆகஸ்ட் 2010

அக்காவுக்கு,

ஸலாம். உடம்பு பரவாயில்லை.

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். பசியாறும்போது தட்டைப் பார்க்கிறேன். சாப்பிட்டால் என் தீர்ப்பே எதிரே வந்து நிற்கிறது, சாப்பிடாமல் இருந்தால் நீ மேடையில் நின்ற கால்வலி வீணாகிறதே என்று இருக்கிறது. திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறேன். பக்தி முற்றிவிட்டது என்று உஸ்தாது பாராட்டுகிறார்.

உன்மேல் கோபம் வருகிறது. ஹாஜியார்மேல் அதைவிட வருகிறது. தீர்ப்பில் என் பெயரைப் பார்த்தால் என்மேலேயே வருகிறது. தோபிக்கைப் பற்றி நான் எழுதிய வரியை நீ கிழித்துவிடு.

ஹாஜியாரிடம் போய்ச் சொல். அவருடைய பொருளை எடுத்தது நான், மன்னித்து ஹலாலாக்கிவிடுங்கள் என்று கேள். அவர் மனமாரச் சரி என்றால் எல்லாம் கரையேறிவிடும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பெருநாளுக்கு நான் வரவில்லை. விடுதியில் காவல் முறை.

மஹ்ருஸ்

*

(அச்சிட்ட வாழ்த்து அட்டை. கெடிரி, செப்டம்பர் 2010)

இனிய நோன்புப் பெருநாள் வாழ்த்துகள். உள்ளாலும் புறத்தாலும் நாங்கள் செய்த பிழைகளை மன்னியுங்கள். உங்கள் பிழைகளை நாங்களும் மன்னித்தோம்.

மஹ்ருஸ்

*

பன்யுவாங்கி,
19 செப்டம்பர் 2010

பெருநாளுக்கு வராத தம்பிக்கு,

நீ இல்லாமல் ஓலையில் கட்டி அவித்த கெத்துப்பாட் சோறு அப்படியே மிஞ்சியது, கோழிக்குப் போட்டேன். விடுதியைக் காவல் காத்தாயே, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா?

ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, "உள்ளும் புறமும் மன்னிச்சுருங்க" என்று கையைப் பிடிப்பதும், அன்னாசி பிஸ்கட்டை வாயில் போடுவதுமாக இருந்தார்கள். எனக்கு முன்னால் தோபிக். ஹாஜியார் அவன் தோளைத் தட்டி, "ரெண்டு பக்கக் கணக்கும் பூஜ்யம் பூஜ்யம், என்ன?" என்றார். "பூஜ்யம் பூஜ்யம் ஹாஜியாரே" என்றான் அவனும்.

என் முறை வந்தது. சொல்லவேண்டியதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். பின்னால் ஒரு கூட்டம் தள்ளியது. "ஹாஜியாரே, உங்க பொருள நான் எடுத்திருந்தா, தெரிஞ்சு எடுத்தது தெரியாம எடுத்தது, எல்லாத்தையும் ஹலாலாக்கிருங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "ஆக்கிட்டேம்மா. நீயும் எனக்கு ஆக்கிரு. உன்கிட்ட எடுத்தது எல்லாத்தையும்" என்றார். "மனசார" என்றேன். ஆளுக்கொரு பிஸ்கட் தின்றோம்.

திரும்பும்போது தோபிக் கேட்டான்: "எதுக்கு அழுதார்னு தெரியுமாக்கா? 'கெத்தாபாங் காத்த' ஜனவரிலயே போன் கம்பெனிக்கு வித்துட்டாரு. யாரையாவது கூப்பிட்டா மணிக்குப் பதிலா உங்க கொரல்தான் கேக்குது. உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. பாட்டை வாங்கும்போது, "போன் கம்பெனி எடுத்தா அதுல உனக்கும் பங்கு உண்டும்மா" என்று வாயால் சொன்னவர் அவர். என் குரல் வேண்டாம் என்றவர் என் குரலைத்தான் விற்றிருக்கிறார்.

நான் நடு ரோட்டில் நின்று சிரித்தேன். தோபிக் பயந்துவிட்டான். அவர் என்னை மன்னித்துவிட்டார், நான் அவரை மன்னித்துவிட்டேன். உன் கிதாபுகளுக்குச் சந்தோஷம்தானே? பிறகு எனக்கு ஏன் வயிறு இப்படி எரிகிறது? தோபிக்கை இன்னும் கூப்பிடவில்லை.

அக்கா

*

கெடிரி,
10 அக்டோபர் 2010

அக்காவுக்கு ஸலாம். உன் வயிற்றெரிச்சலுக்கு மருந்து இருந்தால் எனக்கும் அனுப்பு.

பொறுக்கமுடியாமல் இன்னொரு கேள்வியை மன்றத்துக்குக் கொண்டுபோனேன். ஸைத் அம்ரிடம் எதை எடுத்தான் என்று சொல்லாமலே மன்னிப்புக் கேட்டான், அம்ரும் எதுவென்று தெரியாமலே மன்னித்தான். செல்லுமா? இந்த முறை நான் வாதாடவில்லை, மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். செல்லும் என்று லுக்மான்தான் கடைசிவரை கத்தினான். "பெருநாளைக்கு நாம எல்லாரும் அதத்தான பண்றோம்? செல்லாதுன்னா ஊர்ல ஒருத்தனுக்கும் மன்னிப்பே கெடையாதுடா!"

செல்லாது என்று தீர்ப்பானது. எதை மன்னிக்கிறோம் என்று தெரியாத மன்னிப்பு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது மாதிரியாம். உன் மன்னிப்பும் செல்லாது, அவர் மன்னிப்பும் செல்லாது.

தீர்ப்பு சரிதான் என்று படுகிறது. ஆனால் சரியான தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விளங்கவில்லை. போன தடவை சரியாகச் சொல்லித்தான் தோபிக்கின் பிழைப்பைக் கெடுத்தேன். இந்தத் தாளை நம் ஊருக்கு அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை. என் பெட்டியில் இருக்கிற கிதாபுகளை எண்ணாமல் மூடிவைத்திருக்கிறேன், எல்லாம் ஜெராக்ஸ்.

ஹாஜியாரும் நீயும் எப்படியோ போங்கள். தோபிக் யாரிடமும் எதையும் எடுக்கவில்லையே, அக்கா.

மஹ்ருஸ்

*

பன்யுவாங்கி,
25 நவம்பர் 2010

தம்பி மஹ்ருஸுக்கு அக்காவின் துஆ.

தொண்டை கட்டியிருக்கிறது. பாடி அல்ல, பேசி.

ஞாயிற்றுக்கிழமை ரோகோஜாம்பியில் கல்யாணம். பெண் வீடு ஹாஜியாருக்கு உறவு, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'கெத்தாபாங் காற்று'க்குத் தோபிக் கீபோர்டில் கை வைத்ததும் விசில் பறந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மைக்கில் சொன்னேன்:

"ஒரு நிமிஷம் பொறுங்க. இந்தப் பாட்ட மொதல்ல கார்டுல ஏத்தக் குடுத்தது தோபிக்னு ஊர்ல பேசுறாங்க. தோபிக் இல்ல, நான். அப்ப பாட்டு என்னோடது இல்ல, ஹாஜியார் காசு குடுத்து வாங்குனது. ஹாஜியாரே, பெருநாளைக்கு நீங்க ஹலாலாக்குனது இதத்தான்."

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள்! நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். எல்லாக் கையிலும் போன் மேலே போயிற்று. பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க, சரியா பதியல!" சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாட ஆரம்பித்துவிட்டேன். தோபிக் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தான். ஹாஜியார் சாப்பிடாமல் எழுந்து போனார்.

மறுநாள் கோலிக் கடையில், "அக்கா ஒத்துக்கிற பாட்டு இருக்கா?" என்று கேட்டு வருகிறார்களாம். அவன் வந்து, "ஏத்தலாமா வேணாமாக்கா?" என்கிறான். எனக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியுமா?

அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். "தோபிக்க நாளைக்கு வரச் சொல்லு" என்றார் முதலில். நான் போன் கம்பெனி விஷயத்தைக் கேட்டேன். தலை குனிந்துகொண்டார்.

"பெருநாளன்னிக்கு மன்னிக்கிறது லேசா இருந்துச்சும்மா. என்னன்னே தெரியாது பாரு. இப்பத் தெரிஞ்சுபோச்சே. இனி நெசமா மன்னிக்கணும்னா எனக்கு நாளாகும்" என்றார்.

"எனக்குந்தான் ஹாஜியாரே" என்றேன்.

தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். அவர் உறவுக்காரர்கள் இரண்டு கல்யாணத்தை ரத்து செய்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நிற்குமா போகுமா தெரியவில்லை. தோபிக் பதிவுக்குப் போய்வந்தான். என்னிடம் மட்டும் முன்போலப் பேசுவதில்லை, அவனுக்கும் நாளாகும்.

பெருநாளுக்கு நீ அனுப்பிய அட்டையை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் மன்னிப்பு அச்சிலேயே இருந்தது, உன் கையெழுத்து மட்டும் கீழே. எனக்கு அது வேண்டாம். நான் செய்தது இப்போது உனக்கு முழுக்கத் தெரியும். யோசி, எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, முடியும் அல்லது முடியாது என்று சொல். முடியாது என்று சொன்னாலும் சோறு போடுவேன். அது எந்தக் காசில் வாங்கிய அரிசி என்று கேட்டால் பதிலும் சொல்வேன். பிறகு சாப்பிடுவதும் எழுந்து போவதும் உன் இஷ்டம்.

உன் அக்கா
வினார்சி